மஞ்சள் அட்டை மாட்டிய வண்டி

ஓசூர் சிப்காட்டில் பிரேக் தட்டு செய்யும் ஒரு கம்பெனியில் ரத்தினவேல் இருபத்திரண்டு வருடங்களாகத் தர ஆய்வாளர். இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு தட்டுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பாராட்டி நிர்வாகம் அவருக்கு இரண்டு முறை சுவர்க்கடிகாரம் கொடுத்திருக்கிறது. சாதனையின் ரகசியம் ரொம்ப எளிது. அவர் எதற்கும் கையெழுத்துப் போட்டு அனுப்புவதே இல்லை.

ஆய்வு மேசையில் மூன்று நிற அட்டைகள் உண்டு. பச்சை என்றால் பொருள் நன்றாக இருக்கிறது, போகலாம். அதன் அடியில் ஆய்வாளர் கையெழுத்திட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்தைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள். சிவப்பு என்றால் கழிவு. அதைக் கட்டினால் உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசர் கேன்டீன்வரை துரத்தி வந்து சண்டை போடுவார். மஞ்சள் என்றால் ஹோல்ட், அதாவது முடிவு பிறகு. மஞ்சள் அட்டை தொங்கும் பொருளை அந்த வளாகத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள், ஆய்வாளரிடம் சண்டைக்கும் வர மாட்டார்கள். மூன்று நாளுக்குள் ஆய்வாளர் முடிவு சொல்லாவிட்டால், அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிற பிரிவே பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. ரத்தினவேலின் மேசையைத் தாண்டிப் போன சரக்கெல்லாம் அந்தப் பொடி எழுத்தின் புண்ணியத்தில் போனதுதான்.

மனிதர் மஞ்சள் அட்டையைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நமக்கு என்ன வந்தது? வாஷிங் மெஷின் வாங்க அவர் யோசித்து முடிப்பதற்குள் அந்த மாடலே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. பெண் பார்க்கப் பாகலூருக்குப் போனபோதும் இதே கதைதான். மாதேஸ்வரியின் அப்பா கங்கப்பன் ஊர் ஊராகப் பால் எடுப்பவர். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, பெண் அப்பாவின் கியர் வண்டியில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு பால் சொசைட்டியிலிருந்து வந்து வாசலில் இறங்கினாள். ரத்தினவேலுக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது. பிடித்ததை ஒரு வாரம் கழித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த கங்கப்பன், நாலாவது வாரம் பத்திரிகை அடித்து அவர் கையிலேயே ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் சம்மதம் இன்றுவரை பாக்கி.

மாதேஸ்வரி இப்போது மலையில் இருக்கும் அஞ்செட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வாரம் முழுக்க அங்கே ஒரு வாடகை அறை. சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் ஓசூர். ஆனால் அஞ்செட்டிக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறப்பதில் தனி விருப்பம் உண்டு. பஸ் போய்விட்டால் ஞாயிறு மதியம் வந்து, துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, திங்கள் விடியலில் கிளம்ப வேண்டும். மகள் சுவேதா கிருஷ்ணகிரியில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஆக வீட்டில் ரத்தினவேலும் இரண்டு சுவர்க்கடிகாரங்களும்தான்.

பத்து மாதத்துக்கு முன்னால் மாதேஸ்வரி ஒருநாள் சொன்னாள். “ஏங்க, நல்லதா ஒரு வண்டி பாருங்க. உங்க மொபெட்டு மலை ஏறாது. சீட்டு தாழ்ந்திருக்கணும், முதுகு நிமிந்து உக்காரணும், என் கால் தரையில நல்லா ஊனணும். பழசா இருந்தாலும் பரவால்ல.”

அப்படியென்றால் குரூசர் வண்டிதான் என்று ரத்தினவேல் கண்டுபிடித்தார். குறிப்பேட்டில் ‘சீட்டு உயரம் முக்கியம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பின்னால் உட்கார்ந்து வரப் போகிறவளுக்குக் கால் எதற்காகத் தரையில் ஊன வேண்டும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பது மாதம் நாற்பது வண்டிகளைப் பார்த்து, நாற்பதிலும் குறை கண்டுபிடித்து, சந்தோஷமாகத்தான் இருந்தார். பத்தாவது மாதம் மாதேஸ்வரி ஒரு சேதியோடு வந்தாள்.

“அங்க நர்ஸ் குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியாயிருக்குது. வேணுமா வேணாமான்னு மாசக் கடைசி வெள்ளிக்கெழமக்குள்ள எழுதிக் குடுக்கணும். எடுத்தன்னா ஞாயித்துக்கெழம டூட்டியும் என் தலையிலதான் கட்டுவாங்க. அப்பறம் மாசத்துக்கு ஒரு தபாதான் வர முடியும். வண்டி இருந்துதுன்னா எனக்கு அது வேணாம். என்னா சொல்றீங்க?”

“பாத்துக்கிட்டுதான இருக்கறன்.”

“ஆமா, பத்து மாசமா பாக்கறீங்க” என்றாள் அவள்.

மாதேஸ்வரி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்தினவேல் தட்டு எடுத்து வைக்காமல் அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து சாப்பிடுகிறவர். அவள் இல்லாத வீடு அவருக்குத் தாங்காது. அதை அவளிடம் அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சரியான வாக்கியம் கிடைக்கட்டும் என்று அதுவும் ஹோல்டில் இருந்தது.

பயத்தில் நாற்பது இரண்டாகக் குறைந்தது. பழையது பாகலூர் சாலையில், பழைய வண்டி விற்கும் மெக்கானிக் உமைரின் ஷெட்டில் நின்றது. வயது பதினாறு, கார்புரேட்டர் வண்டி, உதைத்தாலும் கிளம்பும். டேங்க்கின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. புதியது அத்திப்பள்ளியில், எல்லைக்கு அந்தப் பக்கம், பிரேம்குமார் என்பவரின் வீட்டு வாசலில் நின்றது. வயது மூன்று, கர்நாடகா நம்பர், சறுக்காமல் நிறுத்தும் ஏபிஎஸ் பிரேக், கருப்பு மினுமினுப்பு. பழையதைக் குளிப்பாட்டி விலையை ஏற்றியிருந்தார்கள், புதியதை அவசரத்தில் இறக்கியிருந்தார்கள், இரண்டும் ஒரே விலையில் வந்து நின்றன. அதனால் விலை பார்த்து முடிவு செய்யும் வசதியும் ரத்தினவேலுக்கு இல்லாமல் போனது.

பூதக்கண்ணாடி, இடைவெளி அளக்கும் தகடு, டார்ச் சகிதம் அவர் உமைரின் ஷெட்டுக்கு மூன்று முறை போனார். மூன்றாவது முறை உமைருக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, வண்டிண்ணே இது. நீங்க என்னா ஆபரேசன் பண்ற மாதிரி பாக்கறீங்க? ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, தெரிஞ்சுடும்.”

“ஓட்டறது கடைசி ஸ்டேஜுப்பா. அதுக்கு முன்னால முப்பத்தெட்டு பாயிண்டு இருக்குது” என்றார் ரத்தினவேல். கடைசி ஸ்டேஜ் வரவேயில்லை. பதினொரு குறை எழுதிக்கொண்டு திரும்பினார். பதினோராவது குறை ஹாரனின் சத்தம் ‘சற்றே சோகம்’ என்பது.

அத்திப்பள்ளியிலும் இதே பூஜைதான். பிரேம்குமார் சலித்துப்போனார். “குரு, மூணு வருசம்தான் ஆவுது. ஏபிஎஸ் இருக்குது, செல்ப் ஸ்டார்ட்டு இருக்குது, இன்னும் என்னா பேக்கு, வேற என்னா வேணும் உங்களுக்கு? தமிழ்நாட்டுக்கு மாத்தறதுக்கு என்ஓசி பத்து நாள்ல வாங்கித் தந்துடறன்.”

ரத்தினவேலுக்குப் புதியதைப் பார்த்தால் பழையதின் அருமை தெரியும். பழையது தேன்கனிக்கோட்டை தாண்டி மலையில் நின்றுவிட்டால், ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருக்கிற எவனும் கிளப்பிவிடுவான். புதியதில் மஞ்சள் விளக்கு எரிந்தால் லேப்டாப்போடு ஒருவர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். சரி, பழையதே என்று பாகலூர் சாலைக்கு வந்தால் அங்கே புதியதின் அருமை தெரியும். அஞ்செட்டிச் சாலையில் சாயந்தரமானால் யானை நிற்கும். யானைக்கு முன்னால் ஏபிஎஸ் இல்லாத பிரேக்கைப் பிடித்துப் பரிசோதிப்பது முப்பத்தெட்டு பாயிண்டில் இல்லை. பிரேக் நன்றாக இருந்து யானைக்கு முன்னால் சரியாக நின்றுவிட்டால் மட்டும் என்ன செய்வது என்றும் அவர் ஒருநாள் முழுக்க யோசித்தார்.

அப்புறம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். கம்பெனியிலிருந்து இரண்டு மஞ்சள் அட்டைகளைக் கொண்டுவந்து, ஒன்றை உமைரின் வண்டி ஹேண்டிலிலும், இன்னொன்றை பிரேம்குமாரின் வண்டி ஹேண்டிலிலும் கட்டினார். குறைகளை வரிசையாக எழுதி, தேதி போட்டு, ‘முடிவு’ என்ற இடத்தைக் காலியாக விட்டார். அன்றைக்குச் சாயந்தரம் போனில் மாதேஸ்வரியிடமும் இதைப் பெருமையாகச் சொன்னார். வேறு ஊராக இருந்தால் சிரித்துக் கிழித்திருப்பார்கள். பாகலூர் சாலையில் நடமாடும் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியின் யூனிபார்ம் போட்டவர்கள். வண்டி கேட்டு வந்த பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் அட்டையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஓ, ஹோல்ட்ல இருக்குதா” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே போனார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அட்டைக்கு அவ்வளவு மதிப்பில்லை. இரண்டாவது வாரம் பிரேம்குமார் போன் செய்தார். “சார், வண்டி போயிடுச்சு. உங்க அட்டைய பத்திரமா எடுத்து வெச்சிருக்கறன், இந்தப் பக்கம் வந்தா வாங்கிக்கோங்க.”

இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. ரத்தினவேலுக்கோ புதிதாக ஒரு சந்தேகம் பிறந்தது. புதியது உடனே விற்றுவிட்டதே, பழையதை மட்டும் ஏன் ஒருவரும் வாங்கவில்லை? தனக்குத் தெரியாத ஏதோ பெரிய குறை அதில் இருக்க வேண்டும். தன் கையால் கட்டிய அட்டையைப் பார்த்துத்தான் ஊரே ஒதுங்கிப் போகிறது என்று அந்த இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு எட்டவில்லை.

மாசக் கடைசி வந்தது. தினமும் சாயந்தரம் ஏழு மணிக்குப் போன் செய்கிற மாதேஸ்வரி வியாழக்கிழமை செய்யவில்லை. வெள்ளிக்கிழமையும் செய்யவில்லை. இவர் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. குவார்ட்டர்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று ரத்தினவேலுக்கு உறுதியாகிவிட்டது. சனிக்கிழமை முதல் ஷிப்டில் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா நின்றார். பிறகு மேசை டிராயரின் அடியில் தூசி படிந்து கிடந்த பச்சை அட்டைக் கட்டைப் பிரித்து, ஒன்றை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெயர், தேதி எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்தை மட்டும் அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு ஷெட்டுக்குப் போனால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

“அக்கா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே” என்றான் உமைர்.

“எந்த அக்கா?”

“உங்க வீட்டு அக்காதான். வியாழக்கெழம லீவு போட்டுட்டு வந்தாங்க. அட்டைய முழுசா படிச்சாங்க. தேதியப் பாத்துட்டு, ‘இருவத்திமூணு நாள் ஆச்சு, இதுல மூணு நாள்னுதான போட்டிருக்குது’ன்னாங்க. சாவிய வாங்குனாங்க, பாகலூர் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. பணத்தக் குடுத்தாங்க, போயிட்டாங்க. மொத்தம் முக்கா மணி நேரம்ணே. செயின் கொஞ்சம் லூசு, இன்னிக்கு சாயந்தரம் வரன்னாங்க. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க.”

மஞ்சள் அட்டை. ரத்தினவேல் அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து படித்தார். அவர் எழுதிய பதினொரு குறைகளுக்கும் கீழே, மருந்துச் சீட்டில் எழுதிப் பழகிய கையால் பன்னிரண்டாவது ஒன்று எழுதியிருந்தது: ‘12. பார்த்தவர்.’ முடிவு என்ற இடத்தில், ‘வண்டி ஓடுகிறது. எடுத்துக்கொள்கிறேன்.’ பயன்படுத்தும் பிரிவு என்ற இடத்தில் மாதேஸ்வரி என்று முழுப் பெயர், கையெழுத்து, தேதி, நேரம்கூட.

அவமானமாக இருந்தது. உமைர் டீ வாங்கிக் கொடுத்தான், அதைக் குடித்தார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஹாரன் சத்தம் கேட்டது. சற்றே சோகமான ஹாரன்தான். மாதேஸ்வரி சுடிதாரும் ஹெல்மெட்டுமாக முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். நிறுத்தியபோது இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றின. குறிப்பேட்டில் தான் இரண்டு கோடு போட்டு வைத்தது எதற்கு என்று ரத்தினவேலுக்கு இப்போதுதான் புரிந்தது. பால் கேனோடு பார்த்த பெண்ணைப் பத்து மாதமாகப் பின் சீட்டிலேயே உட்கார வைத்து அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

“குவார்ட்டர்ஸ்?” என்றார்.

“வேணாம்னு எழுதிக் குடுத்துட்டன்.” ஹெல்மெட்டைக் கழற்றினாள். “நடுவுல புதன்கெழமயும் ஒரு நடை வந்துடுவன்.”

“போனு எடுக்கலியே நீ.”

“ரெண்டு நாளு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“பயந்துட்டன் மாதேஸ்வரி. நீ இல்லாம எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியல.” இருபது வருடம் ஹோல்டில் இருந்த வாக்கியம், சரிபார்க்காமல் அப்படியே வெளியே வந்துவிட்டது.

மாதேஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஆனால் விட்டுவிடவில்லை. “வண்டியில எது கெடும்னு பத்து மாசம் பாத்தீங்க. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி நின்னுக்கிட்டு இருந்தாளே, அவள ஒரு நாளாவது பாத்தீங்களா?”

உமைர் செயினை இறுக்கி முடித்தான். மாதேஸ்வரி ஒரே உதையில் வண்டியைக் கிளப்பி, பின்சீட்டைக் கையால் தட்டிக் காட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்தார். கால் வைக்கிற இடம் தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். சட்டைப்பையில் பச்சை அட்டை குத்தியது. அதை எடுத்து அவள் தோளுக்கு மேலாக நீட்டினார்.

“இதுல இப்ப கையெழுத்துப் போட்டுடட்டுமா?”

மாதேஸ்வரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இப்பவே என்ன அவசரம்? வீட்டுக்குப் போயி மூணு நாளு நல்லா யோசிச்சுட்டுப் போடுங்க” என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டாள்.