ஒன்று தசம் நான்கு மீற்றர்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். 2019 பெப்ரவரி 9, சனிக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

என் பெயர் சுமித்ரா. நானும் தம்பி ஆருஷும் சுவிஸின் வில் நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். காலில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகை கட்டி மலையேறுவதென்றால் இருவருக்கும் பைத்தியம். அன்று கிளாரஸ் மலைகளில் ஏறினோம். காலை அறிக்கையில் பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்றாம் நிலை. புதுப்பனிக்கு அடியில் சீனி போல உதிரும் பழைய பனி இருக்கிறது, செங்குத்தான சரிவுகளைத் தவிருங்கள் என்று போட்டிருந்தார்கள். வாசித்துவிட்டுத்தான் போனோம்.

12:35. காலடியில் 'வும்' என்று ஒரு சத்தம். நிலத்துக்குள் பெரிய கதவொன்று சாத்தியது போல. அடிப்பனி உடைந்து அமர்ந்த சத்தம் அது.

"அக்கா, திரும்புவமோ?"

"இன்னும் அம்பது மீற்றர்தான். இந்தச் சரிவை நீ முதல்ல கடந்து போ. நான் பின்னால வாறன்."

அதைச் சொன்னது நான்தான்.

பாதித் தூரம் போயிருப்பான். அவனுக்கு மேலே பனியில் ஒரு கோடு ஓடியது. முழுச் சரிவும் அவனையும் கொண்டு வழுக்கிப் போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

12:41. அவசர இலக்கத்துக்குச் சொல்லிவிட்டுத் தேடும் கருவியை எடுத்தேன். புதைந்தவர் கட்டியிருக்கும் கருவி அலை அனுப்பும். மேலே நிற்பவரின் கருவி தூரத்தைக் காட்டும். பதினைந்து நிமிடம் தாண்டினால் உயிரோடு எடுப்பது அரிது.

திரையில் இரண்டு ஆள் உருவங்கள்.

புதைந்தது என் தம்பி ஒருவன்தான்...

யோசிக்க நேரமில்லை. கிட்ட இருந்ததை நோக்கி ஓடினேன். 6.0... 3.2... 1.4. நீளக் கம்பியைக் குத்தினேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பனி அள்ளும் சவளை எடுத்துத் தோண்டினேன்.

அரை மீற்றர் இறங்கினேன். கருவி 1.4 என்றது.

ஒரு மீற்றர். அப்போதும் 1.4.

குத்தி விட்டிருந்த கம்பி ஆடியது. காற்று இல்லை. நான் தொடவும் இல்லை.

கீழிருந்து யாரோ பிடித்து... மெல்ல இழுத்தார்கள்.

இரண்டு தரம்.

12:58. கருவியின் 'பிப்' சத்தம் நின்றது. திரையில் இப்போது ஓர் உருவம்தான். பதினெட்டு மீற்றர் தள்ளி.

ஆருஷ் அங்கேதான் கிடந்தான். முக்கால் மீற்றர் ஆழம்தான். முகம் வெளியே வந்தபோது 1:09. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹெலிகொப்டர் வரும்வரை வாயில் ஊதினேன், நெஞ்சை அமத்தினேன்.

அவன் எழும்பவில்லை.

செத்தவீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளையக் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுத்ததோ?"

"இல்லை அம்மா. கெதியா எடுத்திட்டன்."

மீட்புக்குழுவினர் என் கருவியைச் சோதித்தார்கள். பழுதில்லை என்றார்கள்.

ஜூனில் பனி கரைந்தது. பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. நான் தோண்டிய இடத்துக்கு நேர் கீழே ஓர் ஆணின் உடல் கிடந்ததாம். டிசம்பர் கடைசியில் தனியே மலையேறிக் காணாமல் போனவர். ஆறு கிழமையாக அவருடைய கருவியின் பற்றரி எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்டேன்.

மறுமுனையில் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது.

அவர் கருவி கொண்டுபோகவில்லை. அது அவருடைய வீட்டில், மேசை லாச்சிக்குள் இருந்ததாம்.