ஆடிப் பதினெட்டின் பின்பக்கம்

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக மத்திகிரியில் டவுன் பஸ் ஏறினேன். டிரைவர் எஃப்.எம். போட்டிருந்தார். அதில் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசினாள். இதே நாளில்தான் இன்ன பாட்டு வெளிவந்ததாம், இதே நாளில்தான் இன்னார் முதல் பாட்டைப் பாடினாராம். இதையெல்லாம் யார் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்து வைத்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் எனக்குச் சீக்கிரம் வரும். கூடவே மூக்கில் ஆயில் வாசனையும் வந்தது.

பாட்டுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருபது வருஷம் பிரஸ் ஷாப்பில் நின்றவனுக்கு எல்லாவற்றுக்கும் ஆயிலோடு சம்பந்தம் உண்டு. தகடு வெட்டுகிற கம்பெனி அது, வண்டிகளுக்குப் பாகம் செய்வது. எனக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. மாந்தோப்புக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு வருஷம் காய்ப்பு இல்லாமல் ஓசூருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துத் தமிழை எழுத்துக்கூட்டப் பழகினேன். அதனால் எந்த ஊரின் பெயரையும் சட்டென்று படித்துவிடுவேன், மற்றதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பெரிய பிரஸ் ஒன்று இருந்தது, நாலாம் நம்பர். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர் தகடு வைக்க, அந்தப் பக்கம் ஒருவர் எடுக்க வேண்டும். இருவரும் பொத்தானை அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். ஜோடி சரியில்லை என்றால் விரல் போய்விடும். எனக்கு ஜோடியாக வந்தவன் முனிராஜ். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், நாட்றாம்பாளையத்து மலைக்காரன். முப்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களோடு தமிழ் பேசுவான். படித்தது கன்னடப் பள்ளிக்கூடம் என்பதால் எழுத மட்டும் கன்னடம்தான் வரும்.

மத்தியானம் மெஷின் எல்லாம் நின்றதும் காதுக்குள் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை விரட்ட நான் பாடுவேன். பாட்டு என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவார்கள். முனிராஜ் மட்டும் பக்கத்திலேயே இருப்பான். சாப்பிட்டு முடித்ததும் அன்றைய தேதிக் காலண்டர்த் தாளைக் கிழித்து எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ எழுதுவான். எழுதி நாலாக மடித்து, ஆணியில் மாட்டியிருக்கிற தன் சட்டைப் பையில் வைத்துவிடுவான்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. கேள்வியும் கேட்பான்.

"அண்ணா, உங்க ஊருல மொதமொத மைக் செட்டு கட்டுனது எப்போங்ண்ணா?"

"எங்கூரு மாரியம்மன் பண்டிகைக்கு. அதுக்கு என்ன இப்போ?"

"என்ன நாளுன்னு தெரியுமா? அன்னிக்கு கூட யாரெல்லாம் இருந்தாங்கோ?"

நீங்களே சொல்லுங்கள். என்ன நாள், யார் கூட இருந்தார்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவனை என்னவென்று நினைப்பது? போலீஸ்காரன் கூட முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பான்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கேசட்டை மூட்டை கட்டி மேலே போட்டுவிட்டு சி.டி. தொங்கவிட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்கள் சேர்ந்து சத்தமில்லாமல் சங்கம் ஆரம்பிக்கப் பார்த்தோம். முன்னால் நின்றவன் பாண்டி. மதுரைப் பக்கத்து ஆள், பேச்சில் கெட்டிக்காரன். மாட்டுப் பண்ணைச் சுவர் ஓரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். அந்த ஒன்பதில் முனிராஜும் ஒருவன், இரண்டாவது கூட்டத்துக்கு என்னோடு வந்திருந்தான். அடுத்த நாளே எங்களில் மூன்று பேரைக் கேட்டில் நிறுத்தி, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது பேரில் யாரோ ஒருவன் சொல்லியிருக்கிறான். அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஒருவன் தும்மினால் கூட, யாருக்கு ஜாடை காட்டுகிறான் என்று திரும்பிப் பார்ப்போம்.

பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, ஒங்க ஜோடிக்காரன் தெனமும் என்னத்தையோ எழுதுறானே, பாத்தீங்களா?"

"பாத்துக்கினுதான் இருக்கிறேன்."

"ஆபீஸ்ல பாதிப்பேரு கன்னடத்துக்காரய்ங்க. இவன் எழுதுறதும் கன்னடம். கணக்கு சரியா வருதுல்ல? ஒரு தாளை எடுத்துட்டு வாங்கண்ணே. அது போதும்."

எடுத்தேன். ஆடிப் பதினெட்டு அன்று, மத்தியானத்துக்கு மேல், ஒண்ணுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அவன் சட்டைப் பையில் கைவிட்டேன். கை நடுங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். பெரிய வேலை செய்கிற நினைப்பு எனக்கு.

முன்பக்கம் தமிழ், எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஆடி 18. பின்பக்கம் முழுக்கச் சுருட்டை சுருட்டையாக கன்னடம். ஷிப்ட் முடிந்ததும் நேராக ஜெயம்மா மெஸ்ஸுக்குப் போனேன். பண்ணை ரோட்டில் ராகிக்களி போடுகிற அம்மா அவள், கன்னடம் நன்றாகப் படிப்பாள். யாருடையது என்று சொல்லாமல் தாளை நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொஞ்சம் படித்தாள், சிரித்தாள்.

"என்னம்மா சிரிக்கிறே? யார் பேரு போட்டிருக்குது?"

"பேரா? எல்லாம் பாட்டுக் கதெய்யா இது. கேளு. 'இதே நாளுலதான் எங்க மலைக்கு மொதல் ரேடியோ வந்தது. பலா மரத்துல கட்டுனாங்க. பாட்டு முடியறதுக்குள்ள மழெ வந்துடுச்சி.'"

"அப்புறம்?"

"'இதே நாளு, எங்களுக்குத்தான் ஆடி கணக்கு கெடயாதே, மாமன் கல்யாணத்துல மைக் செட்டுக்காரன்கிட்ட ஒரு பாட்டுப் பிளேட்டு ஒடஞ்சு போச்சி. மிச்சம் இருந்த ஒரே பாட்டெ நாள் பூரா போட்டான். சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளெ ரெண்டு பேருக்கும் பாட்டு மனப்பாடம்.' அய்யோ சிவனே, யாருய்யா இவன்?"

"படி, படி."

பெங்களூர் பஸ்ஸைப் பற்றியும் ஒன்று இருந்தது. அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டியதும் டிரைவர் தமிழ் கேசட்டை எடுத்துவிட்டுக் கன்னட கேசட் போடுவார், வரும்போது அதை மாற்றிப் போடுவார். இதே நாளில் ஒரு வருஷம் டிரைவர் மறந்துவிட்டாராம். பாட்டு மாறாமலே பஸ் எல்லை தாண்டிப் போனதாம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு பெரிய படத்தின் கேசட் வந்த நாளில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஆள் வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நின்றதையும் எழுதியிருந்தான். எல்லாம் வெவ்வேறு வருஷத்தில் நடந்தது. எல்லாம் ஆடிப் பதினெட்டு.

"கடைசியா இந்த வருஷத்துது ஒண்ணு இருக்குது," என்றாள் ஜெயம்மா. "'இன்னிக்கி மத்தியானம் நாலாம் நம்பர் பிரஸ்ஸுல நாகரசம்பட்டி அண்ணன் பாடினாரு. சுருதி சேரல. வரி ஒண்ணுகூடத் தப்பல.' அப்புறம் பாட்டோட மொதல் வரி எழுதியிருக்கான்." அதையும் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீதானே நாகரசம்பட்டி?"

நான் களி வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முனிராஜ் ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்றான். "ஆடிப் பதினெட்டு யாராச்சும் பாத்தீங்களாண்ணா? சட்டையிலதான் வச்சிருந்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். பாண்டி சிரிக்கவில்லை. "ஒரு தாளுக்கு என்னா பதறு பதறுறான் பாருங்க," என்று என் காதில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைச் சுவர் ஓரம் மிச்சமிருந்த ஐந்து பேர் கூடினோம். முனிராஜிடம் சொல்லவில்லை. ஜெயம்மா படித்ததை அப்படியே சொன்னேன். பாண்டி பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணே, ரேடியோ, கல்யாணம், பஸ்ஸு. இதையெல்லாம் ஒருத்தன் வேலைமெனக்கெட்டு எழுதுவானா? இது மறச்சு எழுதுறது. மைக் செட்டுன்னா நம்ம கூட்டம். வரிசைன்னா நாம எத்தன பேருன்னு அர்த்தம்."

"அப்போ பலா மரம்?" என்று கேட்டேன்.

"இந்தா, இந்த மரந்தான்," என்று தலைக்கு மேலே காட்டினான். அது வேப்பமரம். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

"கடைசி வரி என்னாண்ணே? நாகரசம்பட்டி அண்ணன் பாடினாருன்னா? யாருகிட்ட பாடினீங்க, என்னத்தப் பாடினீங்க?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவன் வெறும் பாட்டைத்தான் எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்காகப் பேசினால் நானும் அவனோடு சேர்ந்தவன் ஆகிவிடுவேன். "நாளையிலேர்ந்து அவன்கூட நிக்க மாட்டேன்," என்று சொன்னேன். அது போதுமாக இருந்தது. பாண்டி என் தோளைத் தட்டினான்.

திங்கட்கிழமை நான் ஒன்பதாம் நம்பர் சின்ன பிரஸ்ஸுக்கு மாறிக்கொண்டேன். நாலாம் நம்பரில் முனிராஜுக்கு எதிரே யாரும் போய் நிற்கவில்லை. அவன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வருவேன் என்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். செவ்வாய்க்கிழமையும் நின்றான். ஜோடி கிடைக்காத ஆளுக்குச் சும்மா சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று கான்ட்ராக்டர் மூன்றாம் நாள் அவனை நிறுத்திவிட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தான். சண்டை போடுவான் என்று நினைத்து நான் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வேலை போனா போவட்டும்ண்ணா. மலையில காடு இருக்குது, பொழச்சுக்குவேன். வருஷத்துல ஒரு நாளும் வுடாம எழுதிக் கோக்கணும்னு தை மாசத்துலேர்ந்து எழுதறேன். அந்த ஒரு தாளு இல்லன்னா நடுவுல ஓட்டையா இருக்குது. உங்ககிட்ட இருந்தா குடுத்துடுங்கண்ணா."

தாள் அப்போது என் பனியனுக்குள் இருந்தது. பாண்டி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தத் தாளு?" என்றேன்.

முனிராஜ் தலையை ஆட்டினான். "சரிங்ண்ணா," என்று சொல்லிவிட்டு நடந்தான். அதன்பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

ஆறு மாதத்தில் பாண்டிக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. சங்கம் வரவே இல்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவன் கையில் காலண்டர்த் தாள் எதையும் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பிரஸ் ஷாப் இல்லை. ஷெட்டை இடித்துவிட்டு குடோன் கட்டியிருக்கிறார்கள். ஜெயம்மா மெஸ் இருந்த இடம் ரோட்டுக்குப் போய்விட்டது. அவள் கோலாரில் மகனோடு இருக்கிறாள் என்றார்கள், இருக்கிறாளோ இல்லையோ. எல்லை தாண்டும்போது டிரைவர்கள் பாட்டை மாற்றுவதும் இல்லை, ஆளாளுக்குக் காதில் தனித்தனியாக ஓடுகிறது. மத்தியானம் பாடுகிற பழக்கத்தை நான் அந்த வாரமே விட்டுவிட்டேன். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது, கேட்டில் நின்ற வாட்ச்மேன் மீசை முதற்கொண்டு. அன்றைக்கு நான் பாடியது என்ன பாட்டு என்பது மட்டும் வரவில்லை. ஜெயம்மா முதல் வரியைப் படித்தபோது, என் ஊர்ப் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் அதை நான் காதில் வாங்கவில்லை.

தாள் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. போன தீபாவளிக்குத் துணி அடுக்கும்போது மகள் அதைப் பார்த்துவிட்டாள். "கன்னடமா? போனை மேல காட்டுனா அதுவே தமிழ்ல சொல்லிரும்ப்பா. குடுங்க, என்னன்னு பாப்போம்."

வேண்டாம் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். போன் படித்துவிடும், எனக்கும் அந்தப் பாட்டு திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் கடைசி வரியைக் கேட்டதும் அவள் சிரித்துக்கொண்டே, "உங்களை இப்படிக் கேட்டுக்கினு இருந்தது யாருப்பா? எங்க இருக்காரு இப்போ?" என்று கேட்பாள். எந்தத் தாளு என்று அவளிடம் நான் கேட்க முடியாது.