இரண்டு முறை வந்த வரி

அந்த அச்சகத்தில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக ப்ரூஃப் பார்க்கிறவள். ஓர் ஒற்று விட்டுப்போனாலும், ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் கணவர் எழுதும் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கொடுப்பாள். "கடைக்காரர் என்ன பரீட்சையா வைக்கப்போறார்?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். எழுதியவரைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கும் வழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. கேட்டால் தொழில் தெரியாதவள் என்று ஆகிவிடும் என்ற நினைப்பு.

கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் சி என்ற கணினி மொழியைக் கற்றுத்தரும் புத்தகத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கத்துக்குப் பாதி விளக்கம், பாதி நிரல், அதாவது கணினிக்கான கட்டளை வரிகள். நிரல் என்றால் அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது.

"புரியலைன்னா மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க. அவங்களுக்குப் பரீட்சை வேலை, கடைசி ப்ரூஃப் பாக்க முடியாதாம். நீங்க பாத்தா போதும்னு சொல்லிட்டாங்க" என்றார் முதலாளி.

"எழுத்து எழுத்துதானே சார்" என்று சிரித்தாள்.

'ஃபங்ஷன்' எனும் செயற்கூறுகளைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்தில் அவள் பேனா நின்றது. நிரலின் தலைப்பகுதியில் ஒரு வரி, முடிவில் அரைப்புள்ளியோடு. அதே வரி அச்சு அசலாகக் கீழே மறுபடியும் வந்தது. அங்கே அரைப்புள்ளி இல்லை, அடுத்து ஒரு நெளிந்த அடைப்புக்குறி. அடுத்த நிரலிலும் இதே கதை. நகலெடுத்து ஒட்டும்போது தவறி இரண்டு முறை விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். மேலே இருந்ததை அடித்தாள். இருபத்து மூன்று நிரல்களிலும் அடித்தாள்.

ஓர் இடத்தில் மட்டும் மனம் உறுத்தியது. 'மூன்றாவது வரியைப் பாருங்கள், அதுதான் முன்வடிவு' என்று விளக்கத்தில் இருந்தது. இப்போது மூன்றாவது வரியில் ஒன்றுமே இல்லை. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. எழுதின அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லைபோல என்று நினைத்துக்கொண்டு, 'மூன்றாவது' என்பதைப் 'பத்தாவது' என்று மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். விரிவுரையாளர் கையில் புத்தகத்தோடு நேரே அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"நாப்பது பேரும் இதப் பாத்து அப்படியே அடிச்சாங்க சார். ஒருத்தருக்கும் ஓடலை. 'நீங்க எழுதினது உங்களுக்காவது ஓடுமா மேடம்'னு பின்வரிசையிலேர்ந்து ஒரு குரல். லேபே சிரிச்சுது." ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

"எங்க தப்பு மேடம்?" என்றார் முதலாளி.

"மேல முன்வடிவுன்னு ஒரு வரி இருக்கணும். இந்தப் பேர்ல ஒரு ஃபங்ஷன் இருக்கு, இன்னது வாங்கிக்கும், இன்னது திருப்பிக் குடுக்கும்னு முன்கூட்டியே சொல்ற அறிவிப்பு அது. கீழ இருக்கிறதுதான் வேலையச் செய்யற இடம். கம்பைலர் மேலேர்ந்து கீழ படிச்சுக்கிட்டே வரும். அறிவிப்பு இல்லாம நடுவுல பேர் மட்டும் வந்தா, இது யாருன்னு முழிக்காதா?"

அடுத்த மேசையில் இருந்த அவளுக்குக் காது சூடேறியது.

முதலாளி, கணினியில் பக்கம் அமைப்பவரைக் கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிர்ந்து பேசாதவர். "பக்கத்துல இடம் பத்தலைன்னு வரியத் தூக்கிட்டீங்களா?"

"ப்ரூஃப்ல வந்த திருத்தத்தத்தான் போட்டேன் சார்."

"அக்கா பத்தொம்போது வருஷமா பாக்கறாங்க. அவங்க மேலயா பழியப் போடறீங்க?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சொல்லுங்க அக்கா என்று கெஞ்சியது அந்தப் பார்வை. அவள் குனிந்து, எதிரே கிடந்த திருமண அழைப்பிதழைப் படிப்பதுபோல் பாவனை செய்தாள். மறுநாளிலிருந்து அவர் பாடப்புத்தகம் எதையும் தொடக்கூடாது, விசிட்டிங் கார்டு மட்டும் பார்க்கவேண்டும் என்று ஆனது.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் அலமாரியைத் திறந்து பழைய ப்ரூஃபைப் பார்க்கவும் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் காலை அந்த ப்ரூஃப் கட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் மேசையில் வைத்தாள். இருபத்து மூன்று சிவப்புக் கோடுகள். அத்தனையும் அவள் கைதான்.

முதலாளி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "தப்பு யாருக்கும் வரும். ரெண்டு நாளா ஏன் வாயத் திறக்கலை?"

விரிவுரையாளருக்கு அவளே போன் செய்து சொன்னாள். மறுமுனை, "மூணாவது வரிய பத்தாவதுன்னு மாத்தினதும் நீங்கதானா?" என்று கேட்டது.

"நான்தான் மேடம்."

"அதப் பாத்துட்டு, நான்தான் மறதியில தப்பா எழுதிட்டேனோன்னு பயந்து போயிட்டேம்மா. எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னே நெனச்சேன்." அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்று எல்லோர் முன்னாலும் பக்கம் அமைப்பவரிடம் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லைங்க மேடம்" என்றார். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர். அந்த 'மேடம்' அவளைச் சுருக்கென்று தைத்தது.

பிழைத்திருத்தத் தாள் அச்சாகி வந்தது. விற்காமல் கிடந்த பிரதிகள் அத்தனையிலும் ஒவ்வொன்றாக அவளே பசை தடவி ஒட்டினாள். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றாள்.

பக்கம் அமைப்பவருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் வெகுநாள்வரை பக்கங்களை வேறு யாரிடமாவது கொடுத்துத்தான் அனுப்பினார். ஒருநாள் மதியம் அவரே வந்து நின்றார். கையில் ஒரு கணக்குப் பாடப்புத்தகத்தின் தாள்.

"இந்த வரி ரெண்டு தடவ வருது. இருக்கணுமா, எடுக்கணுமா?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "தெரியலை. கேட்டுச் சொல்றேன்" என்றாள். சொன்னபோது முகம் சிவந்தது. எழுதியவரின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கம் அமைப்பவர் போகாமல், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.