மானிட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தவர்

மூன்று வருடம் இருக்கும். ஆடி மாதம். திருத்தங்கலில் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடத்துத் தினசரி காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிற நேரம் என்பதால் எங்கள் தெருவில் எந்த அச்சகமும் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மாடியில், எங்கள் ஆபீஸ்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. உளவியல் படித்துவிட்டு, பட்டாசு ஆலை விபத்துகளில் காயம்பட்டுப் பிழைத்தவர்களுக்காக நடக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். எம். புதுப்பட்டி பக்கமிருந்தும் அச்சங்குளம் பக்கமிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். பஸ்ஸில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்கள், என் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் தலைப்பை எடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: "ஒங்ககிட்ட மட்டுந்தான்க்கா மூஞ்சிய மூடாம இருக்கேன். நீங்க பாக்க மாட்டீகள்ல."

அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அச்சங்குளத்துக்காரி. விபத்துக்குப் பிறகு கழுத்துத் தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தால் தலையை நிமிர்த்தலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு உடம்பு நடுங்கும். வீட்டில் இருந்த கண்ணாடிகளை எல்லாம் எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயங்களை என்னிடம் சொல்லுவாள். அவள் சம்மதத்தோடு அதையெல்லாம் பதிவுசெய்து என் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் பழைய பதிவைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்போம். பயந்து பேசிய தன் குரலைத் தானே கேட்கும்போது, "இப்பம் அம்புட்டு பயம் இல்லக்கா" என்று சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெரு ஆபீஸ் ஒன்றில் திருடர்கள் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேள்விப்பட்டதும் என் பதிவுகள்தான் நினைவுக்கு வந்தன. இத்தனை பெண்களின் குரல் யார் கையிலாவது கிடைத்தால்? எங்கள் நிர்வாகி உடனே ஒரு சர்வீஸ்காரரை வரச்சொன்னார். ஊரில் பாதி அச்சகங்களுக்கு அவர்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகக் கிளம்புவார்.

"ஹார்டு டிஸ்க் மொத்தத்தையும் என்கிரிப்ட் பண்ணிட்டேன்க்கா" என்றார். "எவன் பொட்டியத் தூக்கிட்டுப் போனாலும் உள்ள இருக்கிறது ஒரு எழுத்து வெளங்காது. ஆன் பண்ணதும் பாஸ்வேர்டு கேக்கும். அத அடிச்சாத்தான் தெறக்கும்." பாஸ்வேர்டை நானே யோசித்து, நானே அடித்தேன். அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில்தான் புரிந்தது. திரையில் இருப்பதை எனக்குப் படித்துக் காட்டுகிற மென்பொருளும் அந்தப் பூட்டிய டிஸ்க்குக்குள்தானே இருக்கிறது? பூட்டு திறந்தால்தான் அது பேசும். பூட்டைத் திறக்க வேண்டிய இடத்திலோ ஒரு சத்தமும் கிடையாது. பாஸ்வேர்டு கேட்கிறதா, கேட்டு முடித்துவிட்டதா, நான் அடித்தது தப்பா, எதுவும் தெரியாது. கணக்குப் பார்க்கும் அக்கா தினமும் வந்து திரையைப் பார்த்து "இப்ப அடிங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அதுவரை யாருடைய உதவியும் இல்லாமல் என் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தவள், அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒருநாள் அந்த அக்கா கல்யாண வீட்டுக்காக லீவு. நிர்வாகியும் விருதுநகர் போயிருந்தார். அச்சங்குளத்துப் பெண் வந்து உட்கார்ந்தாள். நான் உத்தேசமாக அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. அணைத்துப் போட்டு மறுபடி அடித்தேன். ம்ஹூம்.

"நான் வேணும்னா பாத்துச் சொல்லட்டாக்கா?" என்று அவளே கேட்டாள்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "கொஞ்சம் கிட்ட வந்து பாரும்மா. எழுத்து ஏதாச்சும் வந்ததும் சொல்லு" என்றேன். எழுந்து வந்தாள். என் தோளுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது. பிறகு அந்த மூச்சு நின்றது போல இருந்தது.

"வந்துருச்சாம்மா?"

நாற்காலி தள்ளப்படும் சத்தம். பை ஒன்று கீழே விழுந்தது. அவள் தேம்புவது அப்புறம்தான் கேட்டது. எழுத்து வருவதற்கு முன்னால் திரை கறுப்பாக இருக்குமாம். கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியே வேண்டாம் என்று வீட்டிலிருந்து எடுத்துவிட்டவள், என் மேஜையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன். "சீசன் நேரம்க்கா, மூச்சுவிட நேரமில்ல. பக்கத்துல யாரையாச்சும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

"பாக்கச் சொல்லித்தான் வினை வந்துச்சு" என்றேன். யார், எந்த ஊர் என்று சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன்.

"வாரேன்க்கா" என்று வைத்துவிட்டார்.

மதியமே வந்தார். முதல் முறையாக அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாஸ்வேர்டுக்குப் பதிலா ஒரு பென் டிரைவையே சாவியா வச்சுக்கிடலாம். அதச் சொருகிட்டு ஆன் பண்ணா தானா தெறந்துக்கிடும். எதையும் பாக்க வேண்டாம், அடிக்க வேண்டாம்" என்றார். திரையைப் பார்த்து ஒரே ஒரு தடவை "இப்ப அடிங்க" என்றார். அடித்தேன். என் மென்பொருள் பேச ஆரம்பித்தது.

உடனே மேஜையில் எதையோ நகர்த்தும் சத்தம்.

"என்னண்ணே அது?"

"மானிட்டர ஆஃப் பண்ணிட்டேன். மவுசையும் எடுத்து ஓரமா வச்சாச்சு."

"எதுக்கு? நீங்க பாத்துச் செஞ்சா சீக்கிரம் முடியுமே."

"பாத்தா முடிச்சிருவேன்க்கா. எங்க மாட்டும்னு எனக்குத் தெரியாமப் போயிரும். போன தடவையும் பாத்துத்தான செஞ்சேன்? நாளைக்கு இங்கன நான் இருக்க மாட்டேன், நீங்கதான இருப்பீக."

எனக்கு உதவி செய்தவர்கள் நிறையப் பேர். கையைப் பிடித்து ரோடு கடத்திவிடுவார்கள், பஸ் நம்பரைப் படித்துச் சொல்வார்கள். எல்லாரும் அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து கையை நீட்டினார்கள். நான் இருக்கிற இடத்துக்கே வந்து உட்கார்ந்தவரை அன்றுதான் சந்தித்தேன்.

வேலை லேசில் நடக்கவில்லை. மென்பொருள் இங்கிலீஷில் படுவேகமாகப் படிக்கும். எனக்குப் பழக்கம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது சொல்வதை நான் மெதுவாகத் திருப்பிச் சொல்லுவேன். "அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கும், அங்கன போங்க" என்பார். எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எங்கே இருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். இப்படி ஆளுக்குப் பாதியாக அதைச் செய்துகொண்டிருந்தோம். ஒருவேளை சாவி தொலைந்தால் திறப்பதற்கு ஒரு நீளமான எண் வந்தது. அதை நானே பிரெய்லில் குத்தி எடுத்துக்கொண்டேன். "வீட்டு பீரோல வச்சிருங்க. இங்கன வைக்காதீக. சாயங்காலம் கெளம்பும்போது பென் டிரைவையும் உருவி எடுத்துட்டுப் போயிரணும். பொட்டியோட சாவியும் இருந்துச்சுன்னா களவாணிக்கு நாமளே தெறந்து குடுத்த மாதிரி" என்றார்.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்தோம்.

காத்திருந்தோம். 'பீப்' என்று ஒரு சத்தம். விசிறி சுற்றுகிற சத்தம். அவ்வளவுதான். குரல் வரவில்லை.

அவர் நாற்காலியில் நெளிந்தார். "என்னக்கா இது, ஒண்ணுமே தெரியலயே" என்றார். அந்தக் குரலில் இருந்தது எனக்கு ரொம்பப் பழக்கமான ஒன்று. தினமும் காலையில் நான் உட்கார்ந்திருந்த அதே இருட்டில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

"பொட்டி மேல கை வைங்கண்ணே" என்றேன். "உள்ள வேலை நடந்தா டிஸ்க் சுரண்டுற மாதிரி லேசா அதிரும். காத்துக்கிட்டு இருந்தா சும்மா கெடக்கும்."

கை வைத்தார். "ஆமாக்கா… சும்மாதான் கெடக்கு. அப்பம் அது சாவியவே பாக்கல." தனக்குள் என்னவோ முணுமுணுத்தார். "முன்பக்கத்து ஓட்டையில சொருகிட்டோம். பழைய பொட்டி, ஆரம்பிக்கும்போது அந்த ஓட்டை முழிச்சிருக்காது. பின்னாடி போட்டுப் பாப்போம்." பெட்டியின் பின்பக்கம் விரல்கள் தடவுவது கேட்டது. வெகுநேரம் தடவினார். "விசிறிக் கம்பிவலைக்குக் கீழ, விரல கீழ கொண்டு வாங்க, வரிசையா பள்ளம் இருக்கும், அதுல மேல உள்ளது." என் கையைப் பிடித்து வைக்கவில்லை. வாயால் வழி சொன்னார். என் விரல் தானாகப் போய்ச் சேர்ந்தது. நானே சொருகினேன். நானே ஆன் செய்தேன்.

'பீப்'. விசிறி. பிறகு என் உள்ளங்கையின் கீழ் அந்த மெல்லிய அதிர்வு, நிற்காமல், ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையும் பெட்டியின் மேல்தான் இருந்தது. அப்புறம் அந்தக் குரல், கரகரவென்று, என் பெயரைச் சொல்லி உள்ளே நுழையச் சொன்னது.

"பேசிருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் மேலே பார்த்திருப்பார்கள். அணைத்தும் போட்டும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பேசியது. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்தார்.

கிளம்பும்போது, "இனிமே இந்த மானிட்டர் ஒங்களுக்கு எதுக்குக்கா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், எதுக்கும் இல்லை. வயரைக் கழற்றி, அதைத் தூக்கிக்கொண்டு போய் கணக்கு அக்காவின் அறையில் வைத்துவிட்டுப் போனார்.

அச்சங்குளத்துப் பெண்ணுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். 'என் அறையில் இப்போது கண்ணாடி மாதிரி எதுவுமே இல்லை' என்று மட்டும் சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்தாள். மேஜை காலியாக இருப்பதைத் தடவிப் பார்த்தாள் போலிருக்கிறது, வளையல் மரத்தில் உரசியது. பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். தை மாதம் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது அவள் குரல் என் முழங்கால் பக்கமிருந்து வருவதில்லை. நேராக என் முகத்துக்கு எதிரிலிருந்து வருகிறது. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "ஊரு பேரு போட்டாலும் போடுங்கக்கா, எம் பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

இவ்வளவு நடந்தும் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமலே இருந்தது. ரொம்ப நாள் கழித்து, கணக்கு அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். அன்று மதியம் அவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"குரல் வராம இருந்துச்சுல்ல, அப்பம் அந்தாளு கை மானிட்டர் சுவிட்சு வரைக்கும் போச்சு. போட்டுப் பாத்திருந்தா என்ன கோளாறுன்னு ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும். ஆனா கைய இழுத்துக் கக்கத்துல வச்சு அமுக்கிக்கிட்டாரு. பின்பக்கத்த தடவும்போது கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. நான் நின்னது அவருக்குத் தெரியவே தெரியாது."

சத்தமில்லாத ஒரு சுவிட்ச். அவர் எட்டிப் பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் நான் தப்பாக நினைத்திருக்க மாட்டேன். அவரைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த அறையில் ஒருவரும் இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருமுறை அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, பாத்துட்டா கள்ள ஆட்டம் ஆடுன மாதிரி ஆயிரும்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த அச்சகத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார்.

மற்றவர்கள் ரகசியத்தைக் காப்பதுதான் என் தொழில்; யாரும் பார்க்காத நேர்மை எனக்குப் புதிதில்லை. ஆனாலும் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மனிதர் இவ்வளவு நேர்மையாக இருக்க முடியும் என்பதை நினைத்தால், இன்றைக்கும் ஒரு கணம் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.