சூளைக்குப் போன சங்கு

என் மேசையில் ஒரு பீங்கான் சங்கு இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுதான். காதில் வைத்தால் இரையும். எங்கள் விருத்தாசலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அந்தச் சம்பந்தம் அண்ணி வழியாக வந்தது.

அண்ணி கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு சங்கையும் கொண்டுவந்தார். அவர் அப்பாவின் வலையில் ஏறிய, கை கொள்ளாத சங்கு. வேலை ஓய்ந்ததும் அதைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார். அப்போது நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடமாட்டோம். "சங்குப்பூச்சி தன் ஒடம்புலேருந்தே வூட்டக் கட்டிக்குது பாப்பா. அது வளர வளர வூடும் வளருது. கடைசி வரைக்கும் வூடு மாறாது. பொம்பளைக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல" என்றார் ஒருமுறை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நானும் அவரும் ஒரே பட்டறையில் பீங்கான் பொம்மை வார்த்தோம். ஒருநாள் அந்தச் சங்கை வைத்து பிளாஸ்டர் அச்செடுத்து, களிமண் கூழை ஊற்றி இன்னொரு சங்கு வார்த்தார். அது சூளைக்குப் போனபோது, புகையேறி மங்கிக்கிடந்த அசலையும் பளபளப்புக் கலவையில் முக்கிக் கூடவே அனுப்பிவிட்டார். "நம்ம பொம்மைங்க மாதிரி இதுவும் மின்னட்டுமே!" சூளைக்குப் போனால் எதுவும் கெட்டிப்படும் என்றே பழகியவர்கள் நாங்கள். சங்கு மண் இல்லை, சுண்ணாம்பு என்பது யாருக்கும் தோன்றவில்லை. சூளை திறந்து அண்ணி தொட்டதும் அசல் சங்கு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. "எங்கப்பா குடுத்தது" என்று மட்டும் சொல்லி, பொடியை முந்தானையில் வாரிக்கொண்டார். வார்த்த சங்கு கொஞ்சம் சுருங்கி, முழுசாக இருந்தது. பிறகு அதைத்தான் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அண்ணன் இறந்த பின், அண்ணியின் தம்பிகள் வந்து அவரைக் குப்பத்துக்கே அழைத்துப் போனார்கள். "இது உங்க ஊரு மண்ணு, இங்கியே இருக்கட்டும்" என்று சங்கை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினார். அவர் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. வீட்டுப் பிள்ளைகள் சங்கை உடைத்தார்கள். பழைய அச்சு எப்போதோ ஈரத்தில் உதிர்ந்து போயிருந்தது. உடைந்ததை ஒட்டி, அதிலிருந்தே அச்செடுத்து வேறொன்று வார்த்தேன். அதுவும் உடைந்தது. மறுபடி ஒட்டி, அதிலிருந்தே வார்த்தேன். இப்படி எத்தனையோ முறை. ஒவ்வொரு முறையும் சூளை தன் பங்குக்குச் சங்கின் அளவில் கொஞ்சம் தின்றுவிடும்.

போன வாரம் அண்ணி போனில் பேசினார். பின்னால் அலைச் சத்தம்.

"இங்க கரையெல்லாம் சங்காத்தான் கெடக்குது பாப்பா. எடுத்து எடுத்துக் காதுல வச்சுப் பாக்குறேன். நம்ம சங்கு மாதிரி ஒண்ணும் இரையல. நம்மது இருக்குதா?"

மேசையிலிருந்து எடுத்தேன். மூடிய கைக்குள் அது முழுதாக மறைந்துபோனது.

"அப்படியே இருக்குது அண்ணி" என்றேன்.