அப்பாவுக்கு விழுந்த மாலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுவரில் ஒரு படம் தொங்கினால், ஒன்று அது சாமியாக இருக்கும், இல்லையென்றால் செத்தவராக இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் படம் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடக்கும். கல்யாணப் படத்துக்கும் அதே கதிதான். ஆணியில் ஏறிவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

எழுபதுகளின் கடைசியில், கேமரன் மலையை விட்டு இறங்கி, ஈப்போவில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தேன். கலையும் மானுடமும் பற்றிய அறிமுக வகுப்பு. ஓவியம், இசை, நாடகம், கவிதை, பழைய கட்டடங்கள் என்று எல்லாவற்றிலும் ஒரு வாய் ருசி காட்டுவார்கள். ஆண்டு முடிவில் தேறினால் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். தேறாவிட்டால் அம்மாவின் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கலாம். எனக்கு இந்த இரண்டைத் தவிர வேறு வழி இல்லை.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். டாக்டருக்குப் படித்தாலும் பரவாயில்லை, பொம்மை போட ஒரு காலேஜா என்று குழாயடியில் கேட்டார்கள். அப்பா ஆலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அந்த அடுப்பைவிட அவர் வாய் சூடு. கேட்ட ஒருவரிடம், "எம் மவ யாரை வேணா வரையும், ஒம் மூஞ்சிய மட்டும் வரையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சோறாகத் தின்றுதான் முதல் சில மாதங்களை ஓட்டினேன். எனக்குப் பின் இரண்டு தம்பிகள் இருந்தும், அப்பாவின் வாய் எனக்குத்தான் வந்தது என்று அம்மா சொல்வாள்.

வகுப்பில் அந்த வாய் அடங்கிப் போனது. எங்கள் விரிவுரையாளர் பினாங்குக்காரச் சீனப் பெண்மணி. ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, திரையில் துணியே இல்லாத பளிங்கு மனிதர்களைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் தவிர அங்கே இருந்த ஒரே தமிழ்ப் பெண் ஈப்போ வக்கீல் ஒருவரின் மகள். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். குத்த வேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும். அன்று வந்தது. "கோவணம் கட்டி விட்டா பாப்பியா?" என்று கேட்டுவிட்டு, மற்றவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் விளக்கவும் செய்தாள்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த முகத்தை வரைந்து வாருங்கள் என்று இரண்டாம் தவணையில் சொன்னார்கள். நான் அப்பாவை உட்கார வைத்தேன். எப்போதோ தோட்டத்துத் துரை கொடுத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து, நான் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அசையாமல் உட்கார்ந்தார். அடுப்பைப் பார்த்தே நின்ற வலக் கன்னம் இடக் கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். அதை அப்படியே கரித்துண்டால் கொண்டுவந்தேன். முடிந்ததும் வெகுநேரம் பார்த்தார். "நான் இவ்ளோ கோவக்காரனாலா?" என்றார். அவருக்குச் சந்தோஷம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு அப்பாவும் அம்மாவும் தாப்பா வழியாக பஸ் பிடித்து வந்தார்கள். நான் நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தேன். அந்த இடைவெளியில் மண்டபத்தை அலங்கரிக்கும் வேலை வக்கீல் மகளிடம் போயிருந்தது.

அப்பாவின் படத்துக்கு மல்லிகை மாலை போட்டிருந்தாள். சட்டம் போட்ட கண்ணாடியின் மேல், நெற்றி வரும் இடத்தில், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தாள். கீழே ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊதுபத்திகூட மறக்கவில்லை.

நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம். பட்டுப் புடவை கட்டிய ஒரு தமிழ் அம்மாள் படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். என்னையும் படத்தையும் பார்த்து, இன்னார் மகள் என்று புரிந்துகொண்டு, அம்மாவிடம் வந்தார்.

"எப்பம்மா தவறினாரு? பூவும் பொட்டும் அப்படியே வச்சிருக்கீங்க, இந்தக் காலத்துல யாரு பாக்குறா."

அம்மாவின் கை தாலியைப் பிடித்துக்கொண்டது. பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

"நாந்தாம்மா அது. இன்னும் தூக்கல."

அந்த அம்மாள் போன வேகத்தில் விளக்குச் சுடர் ஆடியது. நான் மாலையைப் பிய்த்து எடுத்தேன். விரிவுரையாளர் ஓடி வந்தார். உங்கள் இனத்தில் இதுதான் பெரிய மரியாதை என்று அந்தப் பெண் சொன்னாளே என்று பதறினார். அப்பாவிடம் மலாய் மொழியில் மன்னிப்புக் கேட்டார். அப்பாவும் மலாயில், பரவாயில்லை, படம் நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். வக்கீல் மகள் தூணருகே நின்று, "நம்ம பண்பாடுதானே?" என்றாள். இறந்துபோன தாத்தாவுக்கு வெள்ளிக்கிழமை தோறும் மாலை மாற்றுகிற வீடு அவளுடையது. தெரியாமல் செய்தாள் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கை நீளும்.

ஆனால் அவள் செய்தது அன்றோடு முடிந்தது. மிச்சத்தைச் செய்தது எங்கள் வீடு.

அம்மா கோயில் பூசாரியிடம் ஓடினாள். மாலை விழுந்த படம் இருக்கக் கூடாது, அமாவாசைக்குள் எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆளை இழுத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் படங்களைப் பார்த்து மதிப்பெண் போட வெளியூர்த் தேர்வாளர் அமாவாசை கழித்துத்தான் வருவதாக இருந்தது. அந்தப் படம் இல்லையென்றால் எனக்குத் தேர்ச்சி இல்லை. வேறொன்று வரையவும் தவணை முடிந்துவிட்டது. விரிவுரையாளரிடம் கெஞ்சிப் பார்த்தேன். எடுத்துப் போகலாம், மதிப்பெண் மட்டும் கிடைக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து, பரீட்சை முடிந்த மறுநாளே என் கையால் எரிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அதுவரைக்கும் நான் பொணமா தொங்கணுமா?"

"அது காகிதம்ப்பா."

"காகிதம்னா எரிக்க என்னலா?"

அவருக்கு அது காகிதம் இல்லை, எனக்கும்தான் இல்லை. ஆனால் கொழுந்துக் கூடையின் கயிறு அம்மாவின் நெற்றியில் போட்ட தடம் எனக்கு மனப்பாடம். அந்தத் தடம் என் நெற்றிக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அமாவாசையன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் நின்று என் கைகளைப் பார்த்தார். பிறகு துண்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு லயத்துக் குழாயடிக்குப் போனார். பனி இறங்கியிருந்த காலை அது. வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடங்களோடு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தர் உறவை அறுத்துக்கொண்டு தலை முழுகுவதை அவர்கள் பிறர் சொல்லிக் கேட்டிருப்பார்களே தவிர, கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். உடம்பு உதற நடந்து வந்து, அம்மாவிடம், "ஒருத்திக்கு முழுகியாச்சு" என்றார். அம்மா உலர்ந்த துண்டை நீட்டினாள். அம்மா அந்தத் துண்டை நீட்டியிருக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேர்வாளர் என் படத்தின் முன் நின்று கன்னத்துக் கறுப்பைப் பாராட்டினாராம். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. சொன்ன சொல் மாறாமல் படத்தைக் கொண்டுவந்து, லயத்துக்குப் பின்னால், தம்பிகள் பார்க்க, எரித்தேன். அமாவாசை கழிந்தும் அப்பாவுக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னார்: "கொள்ளியும் அவளே வச்சுட்டா."

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வருவேன். சோறு கிடைக்கும், படுக்கப் பாய் கிடைக்கும். அப்பாவின் ஒரு சொல் கிடைக்காது. நான் உட்கார்ந்தால் எழுந்து போவார். ஒரு நாள் இறங்கி வருவார் என்று நம்பினேன். எண்பதுகள் பிறந்த பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு விடுமுறையில் நல்ல மழை. தோட்டத்துக் கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணி ஒருவர் ஆபீசுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் ஒதுங்கினார். அப்பா நாற்காலி போட்டார். அம்மா கலந்த தேநீரை நான்தான் கொண்டுபோனேன். எத்தனை வருட சர்வீஸ், எத்தனை பிள்ளைகள் என்று கிராணி விசாரித்தார்.

"ரெண்டு. ரெண்டும் பசங்க" என்றார் அப்பா.

கிராணி என்னைப் பார்த்தார். "அப்ப இது?"

"இது காலேஜ் புள்ள. செத்தவங்கள நல்லா வரையும்."

சிரிப்பதா வேண்டாமா என்று கிராணிக்குத் தெரியவில்லை. அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிராணியிடம் சீனி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.