சால்வைக்குப் பிறகுதான் மேட்ச்

நம் மாவட்டத்தில் விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள் விளையாட்டைப் பார்ப்பதில்லை.

இதழியல் வகுப்புக்காக விளையாட்டுச் செய்திகளை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று நகரியிலிருந்து திருப்பதி வரும் பஸ்ஸில், நேற்று நடந்த பெண்கள் கபடி இறுதிப்போட்டிச் செய்தியைத் தெலுங்குப் பேப்பரில் படித்தேன். சால்வை வாங்கியவர்கள் பெயர் எல்லாம் இருந்தது. ஜெயித்தது யார் என்று இல்லை.

பக்கத்து சீட் பெண் எட்டிப் பார்த்தாள்.

"நாங்கதான்க்கா ஜெயிச்சோம். நான் கேப்டன், கௌரி. போட்டோல அந்தத் தலைவர் தொப்பைக்குப் பின்னால கீறேன் பாரு."

"நிருபர் உன்னைக் கேக்கலியா?"

"சால்வை போட்டதும் கெளம்பிட்டாரு. அதுக்கப்புறந்தானே மேட்ச்! பேப்பர்ல பேரு வந்தா அடுத்த மேட்சுக்கு அனுப்புறேன்னாரு நைனா. காலைலேர்ந்து பேப்பர்ல என் பேரைத் தேடிக்கினு கீறாரு."

செய்திக்குக் கீழே இருந்த எண்ணில் நிருபருக்கு போன் செய்தேன்.

"விருந்தினர் பேரை வுட்டா ஆபீஸ்ல திட்டு வுழும்மா. ஸ்கோரை வுட்டா யாரு கேக்கறாங்க?"

"நான் கேக்கறேன் சார்."

"சரேம்மா, எழுதி அனுப்பு."

கௌரி சொல்லச் சொல்லத் தெலுங்கில் எழுதினேன். ஸ்கோரைச் சொல்லும்போது அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. ரேணிகுண்டா தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "நாளைக்குக் கௌரி பெயரோடு போடுங்கள் சார்."

படித்துவிட்டார். இன்னும் பதில் இல்லை. நீங்களும் கேளுங்களேன்: ஜெயித்தது யார் சார்?